பத்தரை மணிக்கு வரும் செயற்கைக் கோள்

உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் வேப்ப மரத்தை ஒரு நாள் காலை ஏழு மணிக்கும் மறுநாள் பத்தரை மணிக்கும் படம் எடுத்துப் பாருங்கள். மரம் ஒன்றுதான், ஆனால் நிழலின் நீளம் வேறு, இலைகளின் ஒளி வேறு. ஆண்டுதோறும் படமெடுத்து, மரம் செழிக்கிறதா, பட்டுப்போகிறதா என்று அறிய வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும் அல்லவா?

டெர்ரா என்னும் செயற்கைக் கோளை அமைத்தவர்களுக்கும் இதே கவலைதான். அமெரிக்காவின் நாசா நிறுவனம் அதை 1999 டிசம்பர் 18 அன்று ஏவியது. காடு, கடல், பனி, மேகம், காற்றிலுள்ள மாசு இவற்றை ஆராய ஐந்து கருவிகள் அதில் பொருத்தப்பட்டன. 705 கி.மீ. உயரத்தில், துருவங்களுக்கு அருகாக, ஏறக்குறைய 99 நிமிடத்திற்கு ஒரு சுற்று. பகல் பக்கத்தில் அது நிலநடுக்கோட்டைக் கடக்கும் போதெல்லாம், கீழேயுள்ள இடத்தில் சூரியக் கணக்குப்படி மணி காலை 10:30. பிற்பகலில் நிலத்தின் மேல் மேகம் திரண்டு மறைத்துவிடும் என்பதால் முற்பகலைத் தேர்ந்தெடுத்தனர்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. புவி சூரியனைச் சுற்றுகிறது. கோளின் பாதைத் தளம் திரும்பாமல் அப்படியே நின்றால், மூன்றே மாதத்தில் அந்தப் பத்தரை மணி விடியற்காலை நாலரை மணியாகிவிடும்! ஆகவே, தளமும் நாள்தோறும் ஏறக்குறைய ஒரு பாகை கிழக்கே திரும்ப வேண்டும். திருப்புவது யார்? எரிபொருள் அல்ல, புவியின் தொந்திதான்.

புவி சரியான உருண்டை அன்று. அதன் குறுக்களவு, துருவங்களின் வழியே இருப்பதைவிட நிலநடுக்கோட்டில் சுமார் 43 கி.மீ. அதிகம். இந்தப் புடைப்பு, சாய்ந்த பாதையைத் தன்பால் இழுக்கிறது. சுழலும் பம்பரம் சாய்ந்தாலும் உடனே விழுவதில்லை; அதன் தலை வட்டமிடும். அதுபோலவே பாதைத் தளமும் கவிழாமல் மெல்லத் திரும்புகிறது. எவ்வளவு வேகமாக என்பது உயரத்தையும் சாய்வையும் பொறுத்தது. 705 கி.மீ. உயரத்தில் 98.2 பாகைச் சாய்வு வைத்தால் நமக்கு வேண்டிய வேகம் கிடைத்துவிடும். செலவில்லாத வேலை!

ஆனால் சூரியனின் ஈர்ப்பு அந்தச் சாய்வைச் சிறுகச் சிறுகக் குறைக்கிறது. அதைத் திருத்தத்தான் எரிபொருள் தேவை. டெர்ராவின் சாய்வைக் கடைசியாகத் திருத்தியது 2020 பிப்ரவரியில். மிஞ்சிய எரிபொருளை, மோதலைத் தவிர்க்கவும் பாதையைத் தாழ்த்தவும் ஒதுக்கிவைத்தனர். பிறகு கடக்கும் நேரம் முன்னே நகரத் தொடங்கியது. 2022 அக்டோபரில் அது ஏறக்குறைய 10:15 ஆகியிருந்தது. அப்போது, அதே உயரத்தில் சுற்றும் பிற கோள்களுக்கு வழிவிட, டெர்ராவைச் சில கி.மீ. கீழே இறக்கினர். பதினாறு நாளுக்கு ஒருமுறை அதே தடத்திற்குத் திரும்பும் வழக்கமும் அத்துடன் முடிந்தது.

கால் மணி நேரம் என்ன பெரிது என்று கேட்பீர்கள். சூரியன் தாழ்ந்தால் நிழல் நீளும். காடு சற்றே இருண்டு தெரியும். காடு மாறியதா, கடிகாரம் மாறியதா? இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்த்த பதிவோடு புதிய படத்தை ஒப்பிடும் முன், சூரியன் நின்ற கோணத்தைக் கணக்கிட்டுக் கழிக்க வேண்டியிருக்கிறது.

வெயிலுள்ள நாளில் ஒரு முழக் கோலைத் தரையில் நட்டு, 9 மணிக்கும், 10:15-க்கும், 10:30-க்கும் நிழலின் நுனியில் கோடிட்டு அளந்து பாருங்கள்.