மருந்துக்குக் கணக்குப் பார்க்கும் படிப்பு

மருத்துவத்துக்கென ஒதுக்கிய பணத்தை எதில் போட்டால் மக்களுக்கு அதிக நலம் கிடைக்கும் என்று ஆராய்வது சுகாதாரப் பொருளியல். ஒரு புற்றுநோய் மருந்துக்கு அரசு கொடுக்கும் தொகை டயாலிசிஸுக்கோ தடுப்பூசிக்கோ கிடைக்காமல் போகிறது. எதை வாங்கலாம், எதை விடலாம் என்பதைச் சான்றுகளைக் கொண்டு எடைபோடும் வேலைக்கு மருத்துவத் தொழில்நுட்ப மதிப்பீடு என்று பெயர். ஸ்கேன் இயந்திரம் மட்டுமல்ல, மாத்திரை, அறுவை முறை, நோயறியும் பரிசோதனை எல்லாமே இந்தக் கணக்கில் வரும்.

அமெரிக்கப் பொருளியலாளர் கென்னத் ஆரோ 1963இல் எழுதிய கட்டுரை இத்துறையின் தொடக்கப்புள்ளி என்று பலரும் கருதுகிறார்கள். நோய் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தபின் என்ன சிகிச்சை தேவை என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவர் சொல்வதுதான். ஆகவே மருத்துவத்தை மற்றச் சந்தைகளைப் போல நடத்த முடியாது என்பது அவருடைய வாதம். சுகாதாரப் பொருளியலுக்கெனத் தனி முதுநிலைப் படிப்பு வளர்ந்த இடங்களில் முக்கியமானது இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகம். ஆலன் வில்லியம்ஸ், ஆலன் மேனார்ட் போன்றோர் அங்கே இத்துறையை வளர்த்தார்கள். 1983இல் சுகாதாரப் பொருளியல் மையமும் அமைந்தது. கிளாஸ்கோ, ஷெஃபீல்டு பல்கலைக்கழகங்களும் இத்துறையில் பெயர் பெற்றவை.

பிரிட்டனில் முழுநேரமாகப் படித்தால் பொதுவாக ஓராண்டு. பொருளியல் பட்டதாரிகளோடு மருத்துவர்கள், மருந்தாளுநர்கள், புள்ளியியல் படித்தவர்கள் ஆகியோரும் சேர்கிறார்கள். பொருளியல் அடிப்படை, புள்ளியியல், மருந்துச் சோதனைகளின் முடிவுகளைச் சலித்துத் தொகுக்கும் முறை, பொருளாதார மதிப்பீடு, கடைசியில் ஓர் ஆய்வேடு என்று பாடங்கள் போகும்.

மாணவர் முதலில் கற்கும் அளவுகோல் குவாலி. முழு நலத்தோடு வாழும் ஓராண்டு ஒரு குவாலி. நோயோடு வாழும் ஆண்டுக்கு மதிப்பு குறையும். எவ்வளவு குறையும்? மக்களிடமே கேட்கிறார்கள். ‘இந்த நோயோடு பத்து ஆண்டு வாழ்வதா, நோயின்றி அதைவிடக் குறைந்த காலம் வாழ்வதா?’ ஏழு ஆண்டு கிடைத்தாலே போதும், இரண்டும் சமம் என்று ஒருவர் சொன்னால், அந்த நிலையின் மதிப்பு 0.7. நடமாட்டம், தன்னைப் பார்த்துக்கொள்ளுதல், அன்றாட வேலை, வலி, மனக்கவலை என்ற ஐந்து கேள்விகள் கொண்ட ஈக்யூ-5டி படிவம், இப்படி மதிப்பிட வேண்டிய நிலையை விவரிக்கப் பல நாடுகளில் பயன்படுகிறது.

பிறகு வருவது வகுத்தல். பழைய சிகிச்சைக்கு 2 லட்சம் ரூபாய், பலன் 4 குவாலி. புதியதற்கு 5 லட்சம், பலன் 5 குவாலி என்று வைத்துக்கொள்ளலாம். கூடுதலாகக் கிடைக்கும் ஒரு குவாலிக்கு 3 லட்சம் செலவாகிறது. இந்தக் கணக்கைப் பள்ளிப் பிள்ளையும் போட்டுவிடும். அந்த நான்கும் ஐந்தும் எங்கிருந்து வந்தன என்பதில்தான் சிக்கல். மருந்துச் சோதனை இரண்டு ஆண்டில் முடிந்துவிடும். நோயாளியோ இருபது ஆண்டு வாழக்கூடும். இடைப்பட்ட காலத்தை மாதிரி கட்டித்தான் ஊகிக்க வேண்டும். எக்செல்லிலோ ஆர் மென்பொருளிலோ அந்த மாதிரியைக் கட்டி, ஒவ்வோர் ஊகத்தையும் மாற்றிப் பார்த்து, முடிவு எங்கே கவிழ்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான் மாணவரின் பெரும்பொழுது கழிகிறது.

இந்தக் கணக்கு ஆட்சியோடும் வணிகத்தோடும் மோதும்போது என்ன ஆகும் என்பதற்குப் பாடமாகச் சொல்லத்தக்கது ரெலென்சா கதை. பிரிட்டனில் இத்தகைய மதிப்பீட்டுக்கென 1999இல் தொடங்கிய நைஸ் அமைப்பு முதலில் கையிலெடுத்த மருந்துகளில் ஒன்று, ஃபுளூ காய்ச்சலுக்கான இந்த மருந்து. காய்ச்சலின் காலத்தை ஏறத்தாழ ஒரு நாள் குறைத்தது. முதியோர், ஆஸ்துமாக்காரர் போன்றோருக்குக் கிடைக்கும் பலனுக்குப் போதிய சான்று இல்லை. பொதுச் சுகாதாரச் சேவையில் அதைக் கொடுக்க வேண்டாம் என்றது நைஸ். தயாரிப்பு நிறுவனம் பிரிட்டனை விட்டே போய்விடுவோம் என்கிற அளவுக்குக் கொதித்தது. கூடுதல் சான்று வந்தபின், 2000இல், ஆபத்து மிகுந்த நோயாளிகளுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது.

ஒரு குவாலிக்கு 20,000 முதல் 30,000 பவுண்டு என்ற வரம்பை நைஸ் நீண்ட காலம் கடைப்பிடித்தது. அந்த எண்ணை எப்படி நியாயப்படுத்துவது என்பது இன்றும் ஓயாத விவாதம். முதியவர்கள், உடற்குறை உள்ளவர்கள், அரிய நோய்க்காரர்கள் ஆகியோருக்கு இந்த அளவுகோல் பாதகமாகலாம் என்ற குற்றச்சாட்டில் நியாயம் உண்டு. நல்ல பாடத்திட்டம் அதை ஒளிக்காது. ஆனால் அளவுகோலே வேண்டாம் என்றால், சத்தமாகக் கேட்பவருக்கே பணம் போய்ச்சேரும்.

இந்தியாவில் மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையின்கீழ் 2017இல் இந்த மதிப்பீட்டுக்கென ஓர் அமைப்பு உருவானது. கண்புரை அறுவையில் பொருத்தும் லென்சுகள் அது முதலில் ஆராய்ந்தவற்றுள் அடங்கும். இந்திய மக்களின் கருத்தைக் கேட்டுத் தயாரித்த ஈக்யூ-5டி மதிப்புகள் 2022இல் வெளியாயின. அதுவரை வேறு நாட்டவரின் விருப்பங்களையே கடன் வாங்க வேண்டியிருந்தது. சென்னையிலுள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்திலும் இந்த மதிப்பீட்டுக்கான மையம் இயங்குகிறது.

படித்தவர்களுக்கு அரசு அமைப்புகள், பல்கலைக்கழகங்கள், மருந்து நிறுவனங்கள், ஆலோசனை நிறுவனங்கள் ஆகியவற்றில் வேலை உண்டு. சேர நினைப்பவர்கள் கல்லூரியின் பெயரை மட்டும் பார்க்காமல், மாதிரி கட்டும் பயிற்சியும் உண்மையான தரவில் செய்யும் ஆய்வேடும் பாடத்திட்டத்தில் இருக்கின்றனவா என்று பார்த்து விண்ணப்பிப்பது நல்லது.