சுதந்திர நாளும் தங்கவயலும்

உலகின் பெரும்பாலான நாடுகள் ஆண்டில் ஒரு நாளைத் தங்கள் விடுதலை நாளாகக் கொண்டாடி வருகின்றன. கொடியேற்றம், அணிவகுப்பு, தலைவர்களின் உரை, பள்ளிச் சிறுவர்களுக்கு இனிப்பு ஆகியவை ஏறத்தாழ எல்லா நாடுகளுக்கும் பொதுவானவை. ஆனால் இந்நாள் எதற்காக என்னும் வினாவுக்கு விடை காண, தலைநகரத்து விழாவைவிட நாட்டின் ஒரு மூலையிலுள்ள தொழில் நகரத்தின் வரலாறு அதிகம் உதவக்கூடும். கர்நாடக மாநிலத்தின் கோலார் தங்கவயல் அத்தகையதொரு நகரமாகும்.

நாள் ஒன்று, பொருள் பல

விடுதலை நாளை எல்லா நாடுகளும் ஒரே முறையில் தேர்ந்தெடுப்பதில்லை. அமெரிக்கா கொண்டாடும் ஜூலை 4, 1776-இல் விடுதலைப் பிரகடனம் ஏற்கப்பட்ட நாள். அதன்பின் போர் பல ஆண்டுகள் நீடித்தது. இந்தோனேசியா 1945 ஆகஸ்ட் 17-இல் தன் விடுதலையை அறிவித்தது. டச்சுக்காரர்கள் அதனை ஒப்புக்கொண்டது 1949 டிசம்பரில்தான். எனினும் அந்நாடு கொண்டாடுவது தான் அறிவித்த நாளையே. இந்தியாவிலும் 1930 முதல் ஜனவரி 26 விடுதலை நாளாகக் கடைப்பிடிக்கப்பட்டது. ஆட்சி மாற்றம் 1947 ஆகஸ்ட் 15-இல் நிகழ்ந்தமையால், ஜனவரி 26 பின்னர் குடியரசு நாளாயிற்று.

இவற்றிலிருந்து ஓர் உண்மை தெளிவாகிறது. துன்பங்கள் யாவும் தீர்ந்த நாள் என்பதற்காக எந்த நாடும் விடுதலை நாளைக் கொண்டாடுவதில்லை. தன் காரியங்களைத் தானே முடிவு செய்யும் உரிமை தனக்குண்டு என்று ஒரு மக்கள் சமுதாயம் உறுதி கொண்ட நாள், அல்லது அவ்வுரிமை கைக்கு வந்த நாள் என்பதே அதன் சிறப்பு.

உரிமை இல்லாத காலம்

தங்கவயலில் 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனியின் நிர்வாகத்தில் சுரங்கத் தொழில் பெருகியது. முதலீடும் நிர்வாகமும் லண்டனைச் சேர்ந்தவை. உழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம், சித்தூர் முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழர்கள். அவர்களுள்ளும் தாழ்த்தப்பட்ட மக்களே அதிகம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுமார் 30,000 பேர் அங்கு வேலை செய்தனர். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் கொண்டுவரப்பட்டதும் இச்சுரங்கங்களுக்காகத்தான். வழியிலிருந்த சிற்றூர்கள் அதன்பின்னும் நெடுங்காலம் இருளிலேயே இருந்தன. மின்சாரம் எங்கே செல்ல வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் அச்சிற்றூர்களின் மக்கள் அல்லர்.

தொழிலாளர்கள் இதனை வாளாவிருந்து ஏற்கவில்லை. கைரேகை பதிவு செய்யும் முறையை எதிர்த்து 1930-இல் பெரும் வேலைநிறுத்தம் நடைபெற்றது. 1946 நவம்பர் 4-இல் போலீசார் சுட்டதில் தொழிலாளர்கள் 6 பேர் உயிரிழந்தனர். அன்றைய கோலார் மாவட்டத்தைச் சேர்ந்த விதுராசுவத்தத்தில் 1938 ஏப்ரலில், தடையை மீறிக் காங்கிரஸ் கொடியை ஏற்றக் கூடியிருந்த மக்கள் மீது துப்பாக்கிச்சூடு நடந்து பலர் மாண்டனர். இன்று பள்ளிச் சிறுவன் அச்சமின்றி ஏற்றும் கொடி அன்று உயிரை விலையாகக் கேட்டது. அந்த விலையை அடுத்த தலைமுறைக்கு நினைவூட்டுவது விடுதலை நாளின் முதற்பயன்.

1947-இல் மாறியது எது?

1947 ஆகஸ்ட் 15-க்கு மறுநாள் தங்கவயலில் சுரங்கத்தின் உடைமை மாறிவிடவில்லை. அதே கம்பெனி, அதே நிர்வாகம், அதே ஆழம். மைசூர் சமஸ்தானத்தில் பொறுப்பாட்சி கேட்டு மக்கள் மீண்டும் கிளர்ச்சி செய்ய வேண்டியிருந்தது. கோலார் மாவட்டத்தின் கியாசம்பள்ளியில் பிறந்த கே. சி. ரெட்டி அவ்வாண்டு அக்டோபரில் முதலமைச்சரானார். மக்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட அரசு அமைந்ததே உண்மையான மாற்றமாகும்.

அம்மாற்றத்தின் விளைவு 1956-இல் தெரிந்தது. அவ்வாண்டு மைசூர் அரசு சட்டம் இயற்றி, நஷ்டஈடு அளித்து, சுரங்கங்களை ஏற்றுக்கொண்டது. 1962-இல் அவை மத்திய அரசின் பொறுப்புக்கு வந்தன. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. தங்கக் கடற்கரை என அழைக்கப்பட்ட ஆப்பிரிக்க நாடு 1957 மார்ச் 6-இல் விடுதலை பெற்றுக் கானா எனப் பெயர் பூண்டது. அங்கும் ஒபுவாசி தங்கச் சுரங்கத்தில் அரசு பெரும்பங்கு பெற்றது 1972-இல்தான். அரசியல் விடுதலைக்கும் பொருளாதார உரிமைக்கும் இடையே பல ஆண்டுகள் கழிவது உலகெங்கும் காணப்படும் நிலையே.

உரிமையோடு வரும் பொறுப்பு

நாடு அந்நியச் செலாவணி நெருக்கடியில் இருந்த 1960-களில், தங்கவயலின் தங்கம் உள்நாட்டுச் சந்தை விலைக்கு விற்கப்படவில்லை. அவுன்சுக்கு 35 டாலர் என்னும் சர்வதேச அதிகாரபூர்வ விலையிலேயே அது அரசுக்குத் தரப்பட்டது. ஏட்டில் நஷ்டம் என்று எழுதப்பட்டதில் ஒரு பகுதி, உண்மையில் நாட்டுக்கு அச்சுரங்கம் அளித்த கொடை எனலாம். மூவாயிரம் மீட்டருக்கும் கீழே, கடும் வெப்பத்தில், பாறை வெடிப்பு, நுரையீரல் நோய் ஆகியவற்றுக்கு நடுவே உழைத்தவர்களின் கொடை அது.

ஆழம் கூடக்கூடச் செலவு ஏறியது. தாதுவில் தங்கத்தின் அளவு குறைந்தது. 2001 பிப்ரவரி இறுதியோடு சுரங்கங்கள் மூடப்பட்டன. ஏறத்தாழ 800 டன் தங்கம் தந்த நகரில் இன்று சயனைடு கலந்த மண்மேடுகள் எஞ்சியுள்ளன. அங்குள்ள ஆயிரக்கணக்கானோர் வைகறையில் ரயிலேறி வேலைக்காகப் பெங்களூருவுக்குச் சென்று இரவில் திரும்புகின்றனர். சுரங்கத்தை மூடியது லண்டன் அன்று. நம் நாட்டின் அரசே அம்முடிவை எடுத்தது. ஆகவே, அதன்பின் அம்மக்களுக்குச் செய்ய வேண்டியவற்றுக்கும் நாமே பொறுப்பு. அந்நியன்மேல் பழி சுமத்தும் வசதி விடுதலை பெற்ற நாட்டுக்கு இல்லை.

வீடுதோறும் ஆண்டுக்கொரு முறை வரவு செலவு பார்ப்பது போல, நாடும் ஆண்டுக்கொரு நாள் தன் கணக்கைப் பார்க்க வேண்டும். பெற்ற உரிமையைக் கொண்டு என்ன செய்தோம்? உழைத்துக் கொடுத்தவர்களுக்கு எதனைத் திருப்பிக் கொடுத்தோம்? இவ்வினாக்களைத் தங்கவயலின் தொழிலாளர் குடியிருப்பிலும் நின்று கேட்க நமக்கு மனம் வருமானால், ஆகஸ்ட் 15 வெறும் விடுமுறை நாளாக ஒருபோதும் ஆகிவிடாது.