சிக்கனம் வேற, கஞ்சத்தனம் வேற

வீட்டுல பெண்கள் பண்ற சிக்கனம் வெறும் கஞ்சத்தனம்னு எதிரணி நண்பர் சொல்லிட்டுப் போயிட்டார். திருவண்ணாமலையில நின்னுக்கிட்டு இதைச் சொல்லலாமா? (சிரிப்பு) 1922-ல் உருவான ரமணாசிரமத்தில், சிந்திய அரிசியை ரமணரே பொறுக்கி எடுப்பார். எழுதாத காகிதத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்து நோட்டாக்குவார். அதனால வந்தவங்களுக்குச் சோறு குறைஞ்சதா? இல்லையே!

எங்கம்மாவும் அப்படித்தான். கொண்டைக்கடலையை ராத்திரியே ஊறப்போடுவாங்க, சீக்கிரம் வேகும். உலை கொதிச்சதும் தீயைக் குறைப்பாங்க. கொதிக்கிற தண்ணி அதுக்கு மேல சூடாகாதே, எரியுறது காசுதான்! தினமும் ஒரு பிடி அரிசியைத் தனிப்பானையில போடுவாங்க. நாங்க கேலி பண்ணுவோம். அப்பாவுக்கு வேலை போன மாசம் அந்தப் பானைதான் சோறு போட்டுச்சு. கேலி பண்ண நானே ரெண்டாந்தடவையும் தட்டை நீட்டினேன்! (கைதட்டல்)