மலையேறும் அலமாரிகள்
இமாசலத்தின் புதிய வீடுகளில் அழகுக்கும் பாதுகாப்புக்கும் வழி சொல்கின்றன பழைய மர வீடுகள்

ஜூன் கடைசியில் வீட்டைப் பூட்டிவிட்டு டெல்லிக்குத் திரும்புகிறார்கள். மழை ஓய்ந்து, செப்டம்பரில் வந்து கதவைத் திறந்தால் மூக்கைத் துளைக்கிறது பூசண வாடை. பிளைவுட் அலமாரி ஊதிப் போயிருக்கிறது. உள்ளே கம்பளிகளில் சாம்பல் நிறத் திட்டுகள். குலு, காங்ரா பள்ளத்தாக்குகளில் இரண்டாவது வீடு கட்டிக்கொண்ட சமவெளிக்காரர்கள் பலருக்கும் பழகிப்போன காட்சி இது. ஜன்னலுக்கு வெளியே பனிச் சிகரம்; உள்ளேயோ, நகரத்து ஃபிளாட்டை அப்படியே பெயர்த்து வைத்தது போன்ற அறைகள்.

பிளைவுட்டை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தவறு, அலமாரி நிற்கும் இடத்தில். ஈரக்காற்று, குளிர்ந்து கிடக்கும் வெளிச்சுவரில் பட்டதும் நீராகிறது. சுவரோடு ஒட்டி நிற்கும் அலமாரிக்குப் பின்னால் காற்றோட்டம் இல்லாததால் அது உலர்வதே இல்லை. தீர்வு எளிது: அலமாரிகளை உட்சுவர் ஓரமாக மாற்றுங்கள், முதுகுப்புறம் இரண்டு அங்குல இடைவெளி விடுங்கள், கதவின் மேலும் கீழும் காற்றுத் துளைகள் வையுங்கள்.

மலைவாசிகளுக்கு இது புதிய பாடம் அல்ல. மரமும் கல்லும் மாறி மாறி அடுக்கி, சாந்தே இல்லாமல் எழுப்பப்படும் 'காட்-குணி' வீட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடம் உண்டு. கீழ்த் தளத்தில் மாடுகள். அவற்றின் உடல் சூடு மேலே ஏறி வீட்டைக் கதகதப்பாக்கும். நடுவில் தானியம் சேமிக்கும் தேவதாரு மரப் பத்தாயம்; அந்த மரத்தின் மணமே பூச்சிகளை விரட்டும். மேல் தளத்தில் அடுப்பும் மனிதர்களும். ஆறு மாதக் குளிரைச் சமாளிக்க வேண்டிய வீட்டில் சேமிப்பு என்பது அலங்காரம் அல்ல, ஜீவாதாரம்.

உயிர்ப் பிரச்சினை இன்னொன்றும் உண்டு. 1905 ஏப்ரல் 4 அன்று காங்ராவை உலுக்கிய பூகம்பம் சுமார் 20,000 பேரைப் பலி கொண்டது. நக்கரில் காட்-குணி முறையில் கட்டப்பட்ட கோட்டை அதைத் தாங்கி நின்றது. மரச் சட்டங்கள் சுவரோடு சேர்ந்து அசைந்து கொடுத்ததே காரணம். இன்றைய கான்கிரீட் வீட்டை முறையாகக் கட்டினால் அதுவும் நிற்கும். ஆனால் உள்ளே கட்டில் தலைமாட்டில் நிற்கும் ஏழடி பீரோ? கனமானவை கீழ்த்தட்டில், இலேசானவை மேல்தட்டில் என்பது முதல் விதி. உயரமான அலமாரியை இரும்புப் பட்டையால் சுவரோடு பிணைப்பது இரண்டாவது. படுக்கைக்கு மேலே பரண் கூடாது என்பது மூன்றாவது.

குளிர்காலத்தில் வீடு ஓர் அறைக்குள் சுருங்கிவிடும். லடாக் வீடுகளில் அந்த அறை சமையலறைதான். அங்கே அடுப்பைச் சுற்றிக் குடும்பம் அமர்ந்திருக்க, சுவர்த் தட்டுகளில் செம்பும் பித்தளையும் பளபளக்கின்றன. பாத்திரமே அலங்காரம், தனியாக ஷோகேஸ் தேவையில்லை. புதிய வீட்டுக்கும் இது பொருந்தும். தெற்கு ஜன்னலடியில் நீளமான திண்ணைப் பெட்டி கட்டினால் பகலில் வெயில் காயலாம்; உள்ளே ரஜாய்களை அடுக்கலாம். வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு சிறு அறை இருந்தால் நனைந்த பூட்ஸும் மழைக்கோட்டும் அங்கேயே நின்றுவிடும். விறகு, இறவாரத்தின் அடியில். புகாரி எனப்படும் இரும்பு அடுப்புக்குப் புகைபோக்கி கட்டாயம். அதைச் சுற்றி மரத் தட்டு எதுவும் கூடாது. மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துத் தூங்கி மூச்சுத் திணறி இறந்தவர்களைப் பற்றிய செய்தி வராத குளிர்காலமே இல்லை.

இதெல்லாம் பழமைக்குத் திரும்பும் ஏக்கமா? இல்லை என்று நிரூபித்தவர் டிடி கான்ட்ராக்டர். கட்டடக் கலையை முறையாகப் பயிலாத இவர் தர்மசாலா அருகே சித்பாரியில் குடியேறி மண், கல், மூங்கில், ஸ்லேட் கொண்டு புதிய வீடுகளை உருவாக்கினார். மாடங்களும் தட்டுகளும் இருக்கைகளும் மண்சுவரிலேயே உருவாயின. சுவரே அலமாரியானால் அது விழுவது எப்படி? 2019இல் நாரி சக்தி விருது பெற்ற அவர் 2021இல் 91 வயதில் காலமானார்.

தேவதாரு இன்று எளிதில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் விலை கட்டுப்படியாகாது. பழைய வீடுகளை இடித்து கான்கிரீட் எழுப்புகிறவர்கள் பல நேரம் அவற்றின் உத்தரங்களையும் பலகைகளையும் விற்றுவிடுகிறார்கள். அவற்றை வாங்கி இழைத்து அலமாரிக் கதவாக்குவது சிக்கனம், அழகும்கூட. ஆனால் பலகை வந்தால் மட்டும் போதாது. அதை எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்த மிஸ்திரியும் கூடவே வர வேண்டும். அவர்களோ வருடத்துக்கு வருடம் குறைந்து வருகிறார்கள். மலையில் வீடு கட்ட நினைப்பவர் முதலில் போய்ப் பார்க்க வேண்டியது ஃபர்னிச்சர் கடையை அல்ல, பக்கத்து கிராமத்து மிஸ்திரியை.