உங்களுக்குத் தெரியுமா? கைக்குச் சிக்காதவை!

வலி, உரிமை, பாட்டு, நற்பெயர்... 'எங்கே, தொட்டுக் காட்டு' என்றால் ஒன்றையும் காட்ட முடியாது. ஆனால் வழக்கு நடப்பதும், சொத்து கைமாறுவதும், மனசு துடிப்பதும் பெரும்பாலும் இவற்றுக்காகத்தான். அப்படிச் சில செய்திகள் இந்த வாரம்.

● இதற்கு ஒரு பட்டியலே போட்டுவைத்திருக்கிறது தொல்காப்பியம். உள்ளத்தால் உணரலாமே தவிர, பிறருக்கு எடுத்துக்காட்ட முடியாதவை என்று அதன் 'பொருளியல்' என்னும் இயலில் 12 பொருள்கள் சொல்லப்படுகின்றன. எழில், சாயல், நாணம், வேட்கை, காதல் நோய் ஆகியவை அவற்றுள் சில. காதல் வாழ்வுக்கு இலக்கணம் வகுத்தவர், காட்ட முடியாதவையும் இதில் உண்டு என்று மறக்காமல் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எத்தனை நுட்பமான மனம்!

● காற்றுக்கு எடை உண்டு. நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடி கொண்ட அறைக்குள் இருக்கும் காற்று ஏறத்தாழ 33 கிலோ. 25 கிலோ அரிசிச் சிப்பத்தைவிட அதிகக் கனம்.

● சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோ துகள்கள் ஒவ்வொரு நொடியும் நம் கட்டைவிரல் நகம் அளவு இடத்தில் சுமார் 6,500 கோடி ஊடுருவிப் போகின்றன. நமக்கு எதுவும் தெரிவதில்லை. இப்படி ஒரு துகள் இருக்க வேண்டும் என்று இயற்பியலாளர் வோல்ஃப்காங் பௌலி சொன்னது 1930-இல். கருவியில் அது பிடிபட்டது 1956-இல். வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோக்களின் தடத்தை முதன்முதலில் கண்ட இடங்களில் ஒன்று நம் பக்கத்துக் கோலார் தங்கச் சுரங்கம். ஆண்டு 1965.

● கையை இழந்தவர்களில் பலருக்கு அந்தக் கையிலேயே வலிக்கும். பொய்யில்லை, கற்பனையும் இல்லை. கை போனாலும் மூளையில் அதற்குரிய இடம் அப்படியே இருக்கிறது. இல்லாத விரல்கள் இறுக மூடிக்கொண்டு, நகம் உள்ளங்கையில் குத்துவதுபோல் தவித்தவர்கள் உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990-களில் அவர்களுக்கு ஓர் எளிய வழி கண்டார். பெட்டிக்குள் ஒரு கண்ணாடி. நல்ல கையின் பிம்பம், இழந்த கை இருக்க வேண்டிய இடத்தில் தெரியும். நல்ல கையை விரித்தால் இல்லாத கையும் விரிவதாக மூளை நம்பும். பலருக்கு வலி தணிந்தது.

● சொத்தை 'தொடக்கூடியது, தொட முடியாதது' என்று சட்டம் பிரித்து 1,800 ஆண்டுகளுக்கு மேலாகிறது. நிலம், பொன், துணி ஒரு பக்கம். வாரிசுரிமை, அனுபவ உரிமை, கடன் பொறுப்பு மறுபக்கம். பிரித்தவர் உரோமானியச் சட்ட அறிஞர் கையஸ்.

● +2 கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு 'நற்பெயர்' நினைவிருக்கும். புலனாகாச் சொத்துகளில் முதலில் நிற்பது அதுதான். அதில் ஒரு விசித்திரம்: ஒரு கடைக்காரர் நாற்பது ஆண்டு நேர்மையாக வியாபாரம் செய்து சேர்த்த பெயரைத் தன் கணக்கில் சொத்தாகக் காட்டக் கணக்கியல் விதிகள் அனுமதிப்பதில்லை. அதே கடையை வேறொருவர் விலைக்கு வாங்கினால், அந்தப் பெயருக்காகக் கொடுத்த கூடுதல் பணம் வாங்கியவர் ஏட்டில் சொத்தாக ஏறிவிடும். சம்பாதித்தவருக்கு இல்லாத மதிப்பு, வாங்கியவருக்குக் கிடைக்கிறது!

● பாரதியார் பாட்டைப் பாட ஒரு காலத்தில் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. அவர் 1921-இல் வறுமையில் மறைந்தார். அவர் பாடல்களின் உரிமை கைமாறிக் கைமாறி, இசைத்தட்டுக்கும் திரைப்படத்துக்குமான உரிமை படத் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் வந்து சேர்ந்தது. நாடகக் கலைஞர்களான டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடலைப் பயன்படுத்தியபோது தகராறு எழுந்தது. நாட்டு விடுதலையைப் பாடியவனின் பாட்டுக்கு விடுதலை இல்லையா என்று எழுத்தாளர்கள் கொதித்தார்கள். நாரண. துரைக்கண்ணன் உள்ளிட்டோர் ஊர் ஊராகப் பேசினார்கள். சென்னை மாகாணத்தின் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் அரசு 1949-இல் உரிமையை எடுத்துக்கொண்டது. மெய்யப்பச் செட்டியார் தம் உரிமையைப் பணம் வாங்காமலே கொடுத்தார். பின்னர் அது மக்களுக்கே பொதுவானது. இன்று பள்ளி ஆண்டு விழாவில் ஒரு குழந்தை யாரையும் கேட்காமல் பாரதியைப் பாடுகிறது என்றால், அதற்காகப் போராடியவர்களை நன்றியோடு நினைக்க வேண்டும்.

● தாகூர் விஷயத்தில் நேர்மாறு. அவர் மறைந்து 50 ஆண்டு முடிந்து, 1991-இன் இறுதியில் பதிப்புரிமை காலாவதியாக இருந்தது. அதையொட்டித்தான் இந்தியாவில் பதிப்புரிமைக் காலம் 60 ஆண்டாக நீண்டது.

● பழனி பஞ்சாமிர்தத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பஞ்சாமிர்தத்தை யாரும் செய்யலாம், சாப்பிடலாம். காக்கப்படுவது 'பழனி பஞ்சாமிர்தம்' என்ற பெயர்.

● மெஸ்ஸில் சமைத்த சாப்பாடு நாட்டின் மொத்த உற்பத்திக் கணக்கில் சேரும். அம்மா சமைத்தது சேராது. 2019-இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காகச் செலவிடுவது நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம். ஐந்து மணி நேர உழைப்பு எந்த ஏட்டிலும் இல்லை!

2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இதற்கு ஒரு பதில் சொன்னது. கணவர் வெளிநாட்டில் சம்பாதித்தார், மனைவி இங்கே வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். அந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்து யாருக்கு என்பது வழக்கு. இல்லத்தரசி விடுமுறையின்றி வீட்டைக் காத்ததால்தான் கணவரால் சம்பாதிக்க முடிந்தது, எனவே அந்தச் சொத்தில் அவருக்கும் பாதி உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. மிகச் சரியான தீர்ப்பு. தாமதமாக வந்தது என்பது மட்டுமே குறை.

● பிரெஞ்சு ஓவியர் ஈவ் க்ளைன் வெற்றிடத்தையே கலைப்படைப்பாக விற்றார். விலை, தங்கம். வாங்கியவர் ரசீதை எரித்துவிட்டால், தங்கத்தில் பாதியை ஓவியர் சேன் நதியில் எறிந்துவிடுவார். சிதம்பரத்தில் இதைவிடப் பழைய, ஆழமான வெளி ஒன்று இருக்கிறது. திரையை விலக்கினால் உருவம் இல்லை. தங்க வில்வ மாலை மட்டும் தொங்கும். அங்கே இறைவன் ஆகாயமாக வணங்கப்படுகிறார்.

● கட்டடங்களைப் பாதுகாத்த யுனெஸ்கோ, பாட்டையும் கூத்தையும் கைத்திறனையும் காக்க உடன்படிக்கை செய்தது 2003-இல்தான். கேரளத்தின் கூடியாட்டம் அந்த உடன்படிக்கையின் பட்டியலில் உண்டு. ஸ்பெயினின் லா கொமேரா தீவில் மலைக்கு மலை சீட்டியடித்தே பேசிக்கொள்ளும் மொழியும் உண்டு. அழியும் நிலைக்கு வந்த அந்தச் சீட்டி மொழியை 1999 முதல் பள்ளிப் பாடமாக்கிக் காப்பாற்றினார்கள். நம் தெருக்கூத்துக்கும் தோல்பாவைக்கூத்துக்கும் ஒப்பாரிக்கும் இன்னும் அங்கே இடமில்லை.

பட்டியலில் இடம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் வீட்டுப் பெரியவருக்குத் தெரிந்த தாலாட்டையோ நடவுப் பாட்டையோ இந்த வாரமே செல்போனில் பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயர், ஊர், தேதி மூன்றையும் சேர்த்தே குறித்துவையுங்கள்.