சுற்றி வந்தாலும் தீராத காற்றுக் கணக்கு

டிசம்பரில் தைவான் தீவைச் சைக்கிளில் சுற்றிவரப் போகும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "குளிர்காலத்தில் அங்கே வடகிழக்கிலிருந்து பலமாகக் காற்றடிக்கும் என்கிறார்கள். ஆனால் நான் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரப்போகிறேன். ஒரு பக்கம் முகத்தில் அடிக்கிற காற்று மறுபக்கம் முதுகில் தள்ளுமே, கூட்டிக் கழித்தால் சரியாகிவிடாதா?"

ஆகாது. ஏன் ஆகாது என்பதுதான் நீண்ட சைக்கிள் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு.

சாமான் பைகளோடு மொத்தம் 95 கிலோ எடை, நிமிர்ந்து உட்கார்ந்த உடம்பு, நாள் முழுக்கத் தாங்கக்கூடிய 100 வாட் உழைப்பு என்று வைத்துக்கொள்வோம். காற்றே இல்லாத சமவெளியில் இவர் மணிக்கு 20 கி.மீ. போவார். 18 கி.மீ. வேகத்தில் எதிர்காற்று வீசினால் அவருடைய வேகம் 12-க்கு இறங்கிவிடும். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 31-க்கு ஏறும். இழந்தது 8, பெற்றது 11. இதுவரை பார்த்தால் லாபம்தான்.

இப்போது தூரத்தைக் கொண்டு வாருங்கள். எதிர்காற்றில் 60 கி.மீ., பின்காற்றில் 60 கி.மீ. என்றால், காற்றில்லாத நாளில் 6 மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டியது இன்று எதிர்காற்றில் மட்டுமே 5 மணி நேரம் எடுக்கும். பின்காற்றில் இன்னும் கிட்டத்தட்ட 2 மணி நேரம். மொத்தம் 7.

தக்காளி வாங்குவதை நினைத்துப் பாருங்கள். கூலி மாறாது. ஒரு கல்யாண வீட்டுக்கு இரண்டு தவணையாக 60, 60 கிலோ சேர்க்க வேண்டும். ஒரு நாள் கூலிக்கு 20 கிலோ கிடைத்தால் ஒரு தவணைக்கு மூன்று நாள் உழைப்பு. விலை ஏறி 12 கிலோதான் கிடைக்கிறது என்றால் ஐந்து நாள். அடுத்த தவணையில் விலை விழுந்து 31 கிலோ கிடைத்தாலும் இரண்டு நாள் உழைத்தே ஆகவேண்டும். விலை ஏறிய நாட்கள் நீண்டுகொண்டே போகின்றன, மலிந்த நாட்கள் வந்த வேகத்தில் முடிந்துவிடுகின்றன. மேட்டுச் சாலைகூட இவ்வளவு மோசமில்லை. அது கடைக்காரரிடம் கொடுத்து வைத்த முன்பணம் மாதிரி, இறக்கத்தில் ஒரு பகுதியாவது திரும்பி வரும். காற்றுக்குக் கொடுத்தது போனதுதான். அந்தத் தக்காளி குழம்பாகிவிட்டது.

இதைவிட அழகான இடம் பக்கக் காற்று. வடக்கு நோக்கி 20-இல் போகிறீர்கள், கிழக்கிலிருந்து 18-இல் காற்று வருகிறது. அது முன்னால் இழுக்கவும் இல்லை, பின்னால் தள்ளவும் இல்லை. செங்குத்தாகக் குறுக்கே வீசுகிறது. ஆகவே வேகம் பாதிக்கப்படக் கூடாது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் உடம்பில் மோதுவது இரண்டும் கலந்த காற்று: பிதாகரஸ் கணக்குப்படி மணிக்கு 27 கி.மீ., வலது முன்புறத்திலிருந்து சாய்வாக. தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுமல்லவா? காற்றில்லாதபோது 20-இன் வர்க்கம், அதாவது 400 அலகு என்று இருந்தது இப்போது 724 ஆகிவிடுகிறது. இந்த 724 சாய்வாக விழுவதால், முன்னிருந்து தடுப்பது அதில் 27-க்கு 20 பங்கு. பெருக்கிப் பாருங்கள், 538 வரும். முன்பக்கத்துத் தடை மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது, முன்னாலிருந்து ஒரு துளி காற்றும் வீசாமலே! தக்காளி விலை அப்படியே இருக்க, லாரி வாடகை ஏறியதால் கூலியில் துண்டு விழுந்த கதை இது.

சரி, காற்று எப்போதுதான் உதவத் தொடங்கும்? இதே எண்களோடு கணக்குப் போட்டால், நேர்ப்பக்கத்தைத் தாண்டி இன்னும் 11 பாகை பின்னால் போன பிறகுதான். காற்று வரக்கூடிய 360 பாகையில் ஏறத்தாழ 200 பாகை உங்களைத் தடுக்கும், 160 பாகைதான் தள்ளும். எந்தப் பக்கம் திரும்பினாலும் எதிர்காற்றுதான் என்று சைக்கிளோட்டிகள் சலித்துக்கொள்ளும்போது கணிதம் அவர்கள் பக்கம் நிற்கிறது. உடம்பு எல்லாப் பக்கமும் ஒரே அளவு தடுக்கும் என்று நான் எளிமைப்படுத்தியிருக்கிறேன். இருபுறமும் பை தொங்கும் சைக்கிளுக்குப் பக்கவாட்டுப் பரப்பு இன்னும் பெரிது, நிலைமையும் இன்னும் மோசம்.

இங்கேதான் கடைக்காரர்கள் உள்ளே வருகிறார்கள். காற்றைக் கிழிக்கும் சக்கரம், 30 வாட் மிச்சம் என்ற விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். இத்தகைய எண்கள் பெரும்பாலும் மணிக்கு 45 கி.மீ. வேகத்தில், பந்தய வீரரின் குனிந்த நிலையில் அளக்கப்பட்டவை. காற்றுக்குச் செலவாகும் திறன் வேகத்தின் கனத்தில் மாறும். ஆகவே மணிக்கு 18 கி.மீ. போகும் பயணிக்கு அந்த 30 வாட், 2 வாட்டாகச் சுருங்கிவிடும். கேரியரில் கூடாரத்தையும் சமையல் அடுப்பையும் கட்டிக்கொண்டு போகிறவர் அந்தச் சக்கரத்துக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. தொளதொளவென்று படபடக்கும் மழைக்கோட்டைக் கழற்றி மடித்து வைப்பது இலவசம்.

தைவான் சுற்றின் வரலாற்றை நீட்ட வேண்டாம். ஜெயண்ட் சைக்கிள் நிறுவனத்தைத் தொடங்கிய கிங் லியு 2007-இல், தம் 73-ஆவது வயதில், 15 நாளில் தீவைச் சுற்றி வந்தார். அது பெரும் அலையைக் கிளப்பியது. 2015-இல் அரசு ஒன்றாம் எண் சைக்கிள் தடத்துக்கு வழிகாட்டிப் பலகைகள் நட்டு முடித்தது. நீளம் ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. வழியில் பல காவல் நிலையங்களில் காற்றடிக்கும் பம்பும் குடிநீரும் கிடைக்கும். மற்றதை நில அமைப்பு சொல்லட்டும்.

தீவின் நடுவே மூவாயிரம் மீட்டரைத் தாண்டும் மலைத்தொடர். உச்சியான யூஷான் 3,952 மீட்டர். அதனால் சுற்றுபவர்கள் விளிம்பை ஒட்டித்தான் போக முடியும். குளிர்காலக் காற்று இந்த மலைக்கும் சீனப் பெருநிலத்தின் ஃபூஜியன் மலைகளுக்கும் இடையே உள்ள நீரிணைக்குள் நெருக்கப்பட்டு வேகமெடுக்கிறது. மேற்குக் கரையில் உள்ள சிஞ்சூவுக்குக் காற்று நகரம் என்றே பட்டப்பெயர். இடியாப்ப இழைபோல மெல்லிய அரிசி நூடுல்ஸை மூங்கில் தட்டிகளில் பரப்பி அங்கே உலர்த்துகிறார்கள். அந்தக் காற்றுதான் அவர்களுடைய மூலதனம்.

ஆக, இரு கரையிலும் காற்றின் பலம் ஒன்றல்ல. இழப்போ காற்றின் வேகத்தைவிட வேகமாக வளர்கிறது. அப்படியானால் பலமான காற்று முதுகிலும் பலம் குறைந்தது முகத்திலும் விழும் திசையில் சுற்ற வேண்டும். தைப்பேயிலிருந்து மேற்குக் கரையில் தெற்கே இறங்கி, கிழக்குக் கரையில் வடக்கே ஏறுவது, அதாவது இடஞ்சுழியாக. வலப்பக்கம் வண்டி ஓட்டும் அந்த ஊரில் இப்படிப் போனால் கடலும் உங்கள் கையோரமே இருக்கும். பெரும்பாலோர் இப்படித்தான் போகிறார்கள்.

தெற்கில் தீவைக் குறுக்கே கடந்து ஷோகா கணவாய்க்கு ஏறும்போது, மலையிலிருந்து சரிந்து வரும் குளிர்காலக் காற்று எதிரே வரும். ஏற்றமும் காற்றும் சேரும் அந்த நாளுக்குக் குறைந்த தூரமே ஒதுக்குங்கள். தைதோங் தாண்டியதும் கடலோரச் சாலையா, பள்ளத்தாக்குச் சாலையா என்று இரண்டு வழி பிரியும். காற்று பலமான நாளில், கடலோர மலைத்தொடருக்கு உட்புறம் போகும் பள்ளத்தாக்கு வழியே நல்லது.

வானிலை அறிக்கையில் 30 கி.மீ. காற்று என்று போட்டிருந்தால் மிரள வேண்டாம். அது தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் அளந்தது. வெட்டவெளியில் உங்கள் மார்பு உயரத்தில் அதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான், நாம் கணக்குப் போட்ட அதே 18. விடியற்காலையில் இன்னும் குறைவாக இருக்கும், வெயில் ஏறி நிலம் சூடான பிறகு கூடும். எனவே கடினமான பகுதியைக் காலை பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள். உழைப்பையும் சமமாகப் பங்கிட வேண்டாம்: நேரம் கரைவது எதிர்காற்றில் என்பதால் அங்கே சற்றுக் கூடுதலாக மிதியுங்கள், பின்காற்றில் காலுக்கு ஓய்வு கொடுங்கள். ஒரு நாள் திட்டத்தைக் கிலோமீட்டரில் எழுதாமல் மணி நேரத்தில் எழுதுங்கள்.