புள்ளிகள் பெருகியும் படம் ஏன் தெளியவில்லை?

புது டிவி வாங்கிய வீடுகளில் ஒரே குறையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். "கடையில பளிச்சுன்னு இருந்துச்சு. வீட்டுல கேபிளைப் போட்டா முகமே தெளிவா இல்ல. பழைய பெட்டி டிவியே தேவலை." இப்படிச் சொல்பவர்களின் கண்ணில் கோளாறு இல்லை. பெரும்பாலும் டிவியிலும் பழுது இல்லை. அவர்கள் பார்த்தது சரிதான். ஆனால் அதற்குக் காரணமாக அவர்கள் நினைப்பது, அதாவது இப்போது வரும் பொருள்களில் தரம் இல்லை என்பது, சரியில்லை. உண்மையான காரணத்தை நாம் ஒவ்வொரு படியாக நடந்து பார்க்கலாம்.

முதலில் அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 4கே. திரையில் தெரியும் படம் முழுக்கவும் மிகச் சிறிய ஒளிப்புள்ளிகளால் ஆனது. அந்தப் புள்ளிக்குப் பெயர் பிக்சல். 4கே திரையில் குறுக்கே 3840, நெடுக்கே 2160 புள்ளிகள். மொத்தம் ஏறத்தாழ 83 லட்சம். ஃபுல் எச்.டி. திரையில் 1920க்கு 1080, அதாவது சுமார் 21 லட்சம். நம் கேபிளில் எச்.டி. என்ற ஒட்டு இல்லாமல் வரும் சாதாரண சேனலில், அதிகபட்சம் 720க்கு 576. பெருக்கினால் 4 லட்சத்து 15 ஆயிரம்தான்.

எல்லாரும் தடுக்கி விழும் இடம் இதுதான். 4கே டிவி வாங்கினால் 4கே படம் தெரியும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். 4கே என்பது திரையில் எத்தனை புள்ளிகளுக்கு இடம் இருக்கிறது என்ற கணக்கு மட்டுமே. அந்த இடங்களை நிரப்ப எவ்வளவு விவரம் வந்து சேர்கிறது என்பது வேறு கணக்கு. டிவி விற்பவர் முதல் கணக்கைச் சொல்கிறார். இரண்டாவது கணக்கு கேபிள்காரரிடமும் இணைய இணைப்பிடமும் நாம் கட்டும் சந்தாவிடமும் இருக்கிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சாதாரண சேனலை 4கே திரையில் போட்டால் என்ன நடக்கிறது? 83 லட்சத்தை 4.15 லட்சத்தால் வகுத்தால் 20 வருகிறது. திரையின் 20 புள்ளிகளில் ஒன்றுக்கான விவரம்தான் நிலையத்திலிருந்து வந்தது. மீதி 19 புள்ளிகளையும் டிவிக்குள் இருக்கும் சிப் அக்கம்பக்கத்தைப் பார்த்து ஊகித்து நிரப்புகிறது. இதை அப்ஸ்கேலிங் என்பார்கள். நல்ல சிப் நன்றாக ஊகிக்கும். ஆனாலும் வராத கண்ணிமை முடியை எந்தச் சிப்பும் கொண்டுவர முடியாது. பழைய பெட்டி டிவியிலும் இதே அளவு விவரம்தான் வந்தது. ஆனால் அது 21 அங்குலத் திரை. அதன் புள்ளிகள் ஓரம் கலங்கி ஒன்றோடொன்று கலந்துவிடும் தன்மை கொண்டவை. சிறிய திரை குறையை மறைத்தது. 55 அங்குலத் திரை அதே குறையைப் பெரிதாக்கிக் காட்டுகிறது.

அடுத்து டிவியின் பின்பக்கம் போவோம். எச்.டி. சேனலுக்குப் பணம் கட்டும் வீடுகள் சிலவற்றில்கூட, செட்டாப் பாக்ஸிலிருந்து டிவிக்கு மஞ்சள், சிவப்பு, வெள்ளை முனைகள் கொண்ட பழைய ஏவி வயர்தான் போகிறது. படத்தைக் கொண்டுபோகும் அந்த மஞ்சள் முனை எச்.டி.யைச் சுமக்காது. பாக்ஸ் வரை வந்த எச்.டி. படம் அங்கேயே சாதாரணப் படமாக இறங்கிவிடும். தட்டையான எச்டிஎம்ஐ முனை கொண்ட வயர் ஒன்றை மாற்றினால் போதும். பாக்ஸும் எச்.டி. பாக்ஸாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

சரி, வயரை மாற்றிவிட்டோம், 4கே சந்தாவும் கட்டிவிட்டோம். அப்போதும் சில காட்சிகள் கலங்குகின்றனவே? அதற்கு ஒரு சின்னக் கணக்கு போட வேண்டும். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் சொல்ல 24 பிட் தேவை. 83 லட்சம் புள்ளிகள், நொடிக்கு 25 படங்கள் என்றால் நொடிக்குச் சுமார் 500 கோடி பிட். நெட்ஃப்ளிக்ஸில் 4கே பார்க்க அந்த நிறுவனம் கேட்கும் இணைய வேகமோ நொடிக்கு 15 மெகாபிட், அதாவது ஒன்றரைக் கோடி பிட்தான். முந்நூறில் ஒரு பங்குகூட இல்லை. மீதியெல்லாம் எங்கே போனது?

பழைய கணக்குப் பேரேட்டை நினைத்துக்கொள்வோம். கணக்குப்பிள்ளை ஒரே பெயரையும் ஊரையும் ஒவ்வொரு வரியிலும் எழுதமாட்டார். முதல் வரியில் முழுதாக எழுதிவிட்டு, கீழே 'மேற்படி', 'மேற்படி' என்று போட்டுக்கொண்டே போவார். மாறிய தொகையை மட்டும் புதிதாக எழுதுவார். வீடியோவைச் சுருக்கும் கருவி செய்வதும் இதுதான். முதல் படத்தை முழுதாக எழுதிவிட்டு, அடுத்த படத்தில் மாறாத பகுதிக்கெல்லாம் 'மேற்படி' போடுகிறது. செய்தி வாசிப்பவரின் பின்னால் இருக்கும் சுவர் மேற்படி, மேசை மேற்படி. உதடும் கண்ணும் மட்டும் புது வரி.

ஆனால் எல்லாமே மாறிக்கொண்டிருக்கும் காட்சி வந்தால்? கொட்டும் மழை, சிக்ஸர் அடித்ததும் எழுந்து ஆடும் சேப்பாக்கம் கூட்டம், பாடல் காட்சியில் பறக்கும் வண்ணத்தாள்கள். எதற்கும் 'மேற்படி' போட முடியாது. எழுத வேண்டியது மலையாகக் குவிகிறது. ஒரு நொடிக்கு இவ்வளவுதான் எழுதலாம் என்ற வரம்பு மட்டும் மாறுவதில்லை. அந்த வரம்புக்குப் பெயர்தான் பிட்ரேட். இடம் போதாதபோது சுருக்கும் கருவி நுணுக்கங்களை விட்டுவிட்டு மொத்தம் மொத்தமாக எழுதிவிடுகிறது. வேகமான காட்சியில் திரை கட்டம் கட்டமாக உடைவதன் காரணம் இதுதான். கேபிளிலும் இதே கதை. முன்பு ஒரே ஓர் அனலாக் சேனல் பிடித்துக்கொண்டிருந்த அலைவரிசை இடத்தில் இன்று பத்துக்கும் மேற்பட்ட டிஜிட்டல் சேனல்களை அடைக்க முடியும். அடைக்க அடைக்க ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் பங்கு குறைகிறது.

புள்ளிக் கணக்கும் பிட்ரேட்டும் தனித்தனி என்பதற்கு 2020 மார்ச் மாதமே சாட்சி. ஊரடங்கில் எல்லாரும் வீட்டுக்குள் இருந்து இணையத்தில் நெரிசல் கூடியபோது, நெட்ஃப்ளிக்ஸ் முதலில் ஐரோப்பாவிலும் பிறகு இந்தியாவிலும் தன் போக்குவரத்தைச் சுமார் 25 சதவீதம் குறைத்தது. 4கே சந்தாதாரருக்கு 4கே தொடர்ந்து வரும் என்றும் சொன்னது. இரண்டும் ஒருசேர நடக்க முடிந்தது, புள்ளிகளை அப்படியே வைத்துக்கொண்டு பிட்ரேட்டை மட்டும் இறக்க முடியும் என்பதால்தான். ஆகவே நல்ல பிட்ரேட்டில் வரும் எச்.டி. படம், இழுத்துப் பிடித்து அனுப்பிய 4கே படத்தைவிடத் தெளிவாகத் தெரியலாம். அதில் வியப்பே இல்லை.

இன்னொரு கணக்கு நம் கண்ணோடு சேர்ந்தது. ஓரளவு நல்ல பார்வை உள்ளவருக்கு, ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணத்துக்குள் அடங்கும் இரண்டு புள்ளிகள் ஒன்றாகத் தெரியும். இதை வைத்துப் பார்த்தால், 55 அங்குல ஃபுல் எச்.டி. திரையின் புள்ளிகள் சுமார் 7 அடித் தூரத்திலேயே கலந்துவிடுகின்றன. 43 அங்குலத்தில் ஐந்தரை அடி போதும். சோபா அதற்கும் பின்னால் இருந்தால், எச்.டி.க்கு மேல் வரும் புள்ளிகளைக் கண் பெரும்பாலும் பிரித்தறியாது. 4கே தரும் கூடுதல் நுணுக்கத்தை முழுதாக வாங்க 55 அங்குலத் திரைக்கு நான்கடிக்குள் உட்கார வேண்டும். நம் கூடங்களில் அப்படி யாரும் உட்காருவதில்லை.

இதே கணக்கு கணினி மேசையில் தலைகீழாகிறது. 27 அங்குல மானிட்டரை நாம் இரண்டடி தூரத்தில் வைத்து நாள் முழுக்க வாசிக்கிறோம். அந்தத் தூரத்தில் ஃபுல் எச்.டி. புள்ளிகள் கண்ணுக்குப் பிடிபடும். 4கே புள்ளிகள் ஏறத்தாழ மறைந்துவிடும். எழுத்துகளைக் கணினியே அந்தப் புள்ளிகளில் நேரடியாக வரைவதால் ஊகமும் இல்லை, மேற்படியும் இல்லை. 'ணூ', 'ஞூ' போன்ற எழுத்துகளின் சுழிகள் தெளிவாக விழுவதை அங்கே பார்க்கலாம். கூடத்து டிவிக்கும் மேசை மானிட்டருக்கும் பணத்தைப் பங்கிட வேண்டியவருக்கு, புள்ளிகளுக்கான செலவை மேசையில் செய்வதே லாபம்.

இனி கடையில் பார்த்த பளிச். அங்கே பெரும்பாலும் ஓடுவது காட்டுவதற்கென்றே எடுத்த 4கே படம். பூ, மீன், மெதுவாக நகரும் கடற்கரை, எல்லாமே நல்ல பிட்ரேட்டில். வெளிச்சமும் நிறமும் ஏற்றிய விவிட் அமைப்பில் திரை இருக்கும். வீட்டில் அதை சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர் அமைப்புக்கு மாற்றினால் முகங்கள் இயல்புக்குத் திரும்பும். மோஷன் ஸ்மூத்திங் என்ற வசதியையும் படம் பார்க்கும்போது அணைத்துவிடலாம். நொடிக்கு 24 படங்களாக எடுத்த சினிமாவுக்கு நடுவில் இல்லாத படங்களை இந்த வசதி உண்டாக்கிச் சேர்க்கிறது. சினிமா சீரியல்போலத் தெரிவது அதனால்தான். இதை அணைக்கச் சொல்லி 2018இல் நடிகர் டாம் குரூஸே ஒரு வீடியோ வெளியிட்டார்.

அடுத்த டிவியைப் பற்றி யோசிக்கும் முன் இருக்கும் டிவியில் ஒரு மாலை செலவிடுங்கள். வயரைப் பாருங்கள். சேனல் எச்.டி.தானா என்று பாருங்கள். நெட்ஃப்ளிக்ஸ் என்றால் உங்கள் திட்டத்தில் 4கே உண்டா என்று பாருங்கள். இந்தியாவில் அதன் பிரீமியம் திட்டத்தில் மட்டுமே அது கிடைக்கிறது. சோபாவுக்கும் திரைக்கும் இடையே டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். இவையெல்லாம் முடிந்த பிறகு, 3 கோடியே 30 லட்சம் புள்ளிகள் கொண்ட 8கே திரையை யாராவது உங்களிடம் பரிந்துரைத்தால் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: இத்தனை புள்ளிகளுக்கும் விவரம் எங்கள் வீட்டுக்கு எந்த வழியாக வரும்? நாங்கள் உட்காரும் இடத்திலிருந்து அது தெரியுமா? இந்த இரண்டுக்கும் தெளிவான பதில் கிடைக்கும்வரை உங்கள் பணம் உங்களிடமே இருக்கட்டும்.